அக்கா மோசம் போய்விட்டார்

நோர்வூட்
20.05.2025

மதிப்புக்குரிய கமலேஸ்வரி ஆசிரியைக்கு,

என் கையெழுத்து உங்களுக்கு மறந்திருக்கலாம். நான் விஜிதரன். உங்களோடு இதே பாடசாலையில் நான்கு வருடம் தமிழ் படிப்பித்தவன், சுதர்ஷினியின் தம்பி. ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

போன பதினான்காம் திகதி உங்கள் பெயரில் அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நீங்கள் கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், போன் தொலைந்துவிட்டதாகவும், யாரிடமும் சொல்லாமல் அவசரமாகப் பணம் அனுப்பும்படியும் இருந்தது. அக்காவுக்கு அந்த மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவரே நீங்கள்தான். பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கு, மாத அறிக்கை அனுப்புவதைத் தவிர அதில் வேறு வேலையும் இல்லை. அதில் திடீரென்று உங்கள் பெயரைப் பார்த்ததும் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் சொன்னேன். இதில் "அன்புள்ள சுதர்ஷினி" என்று இருக்கிறது, டீச்சர் ஒருநாளும் அப்படி எழுதமாட்டார், "எடி சுதா" என்றுதான் தொடங்குவார், இது யாரோ செய்கிற வேலை என்று சொன்னேன். அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "ஆறு வருசம் பேசாம இருந்தவங்க எடுத்த எடுப்புல எடின்னு எழுதுவாங்களாடா? கூச்சமா இருக்காதா?" என்றார்.

"காசு கேக்குறாங்க, அதாவது புரியுதா?" என்று சத்தம் போட்டேன். "முடியாம கெடக்குறவளுக்குக் காச அனுப்பிட்டு நாம இங்க உக்காந்திருக்கிறதா? ஆளு போக வேணாமா?" என்று கேட்டுவிட்டு, விடியற்காலையில் எழுந்து தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் இடித்து, உங்களுக்குப் பிடித்த தேயிலைத் தூளும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய் ரயிலேறினார். நான் பாடசாலைக்குப் போய்விட்டேன். கூடப் போயிருக்க வேண்டும்.

உங்கள் பெயரை நம்பிக் கொழும்புக்குப் போன அக்கா மோசம் போய்விட்டார். கட்டிக்கொண்டு போன ரொட்டி பிரிக்காமலே வீடு வந்து சேர்ந்தது. வீட்டில் அடுப்பு மூட்டி மூன்று நாளாகிறது. பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது. லயத்து வீடுகளிலிருந்து எல்லோரும் வந்து வந்து போகிறார்கள், காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கிற இடத்திலும் இதே பேச்சுத்தான். பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

நீங்கள் அனுப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் பெயர் அல்லவா? ஒன்பது வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட்டீர்கள். போகும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்கள். ஆறு வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீங்களாக எழுதியிருந்தால் அக்கா இந்தப் பொய்க்கு இப்படி ஓடியிருக்கமாட்டார். இதை உங்களுக்குச் சொல்லத்தான் எழுதினேன். பதில் தேவையில்லை.

இப்படிக்கு,
வீ. விஜிதரன்


யாழ்ப்பாணம்
29.05.2025

தம்பி விஜிதரன்,

உம்முடைய கடிதம் நேற்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. நான் முதலில் இருந்த பாடசாலைக்கு அனுப்பியிருந்தீர். அங்கே யாரோ மேசை லாச்சிக்குள் வைத்திருந்து, பிறகு இங்கே கொடுத்துவிட்டார்கள். ஆசிரியர் அறையில் நின்றபடியே பிரித்தேன். பிறகு எப்படிக் கதிரையில் இருந்தேன் என்று தெரியாது. பக்கத்தில் இருந்த ஆசிரியை தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்ததாகச் சொல்கிறார்கள்.

என் சுதா செத்துப்போய்ப் பதின்மூன்று நாள். நான் இங்கே சமைத்து, சாப்பிட்டு, பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எப்படி மோசம் போனாள்? ரயிலிலா? ஆஸ்பத்திரி வாசலிலா? நெஞ்சுவலி ஏதும் வந்ததா? நீர் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர். கோபத்தில் நிறுத்தியிருப்பீர். ரொட்டி பிரிக்காமல் வந்தது என்று எழுதியிருக்கிறீரே, அந்த வரியைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்ல வேண்டும். என்னுடைய கணக்கை யாரோ பிடித்துவிட்டார்கள். அதில் இருந்த நாற்பத்தொரு பேருக்கும் அந்த மின்னஞ்சல் போயிருக்கிறது. கனடாவில் இருக்கிற அண்ணருக்கும் போனது. அவர் "உன்ர ஈமெயிலைக் களவெடுத்திட்டாங்கள், கவனம்" என்று ஒரு வரி அனுப்பினார். பாடசாலை அதிபர் சிரித்தார். என்னோடு படித்தவர்கள் குழுவில் பகிடி பண்ணினார்கள். நான் எல்லோருக்கும் வாட்ஸப்பில் அறிவித்தல் போட்டேன். சுதாவின் எண் என்னிடம் இருந்ததே ஒழிய, அது எப்போதோ பாவனையில் இல்லாமல் போய்விட்டது. அவளுக்கும் அந்த மின்னஞ்சல் போயிருக்கும் என்று எனக்கு நினைவே வரவில்லை. நாற்பத்தொரு பேரில் ஒருத்தி மட்டும் நான் நோயாகக் கிடக்கிறேன் என்று நம்பிப் புறப்பட்டாள். அவளை நான் மறந்திருந்தேன்.

விஜிதரன், இனி மறைக்க எனக்கு உரிமை இல்லை. உம்முடைய அக்கா போய்விட்டாள், அவளிடம் சொல்ல வேண்டியதை உம்மிடம்தான் சொல்ல வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் என் தங்கை ரோகினியை உமக்குக் கேட்டு சுதா வந்தாள். அண்ணரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பிறகு, அண்ணர் சம்மதிக்கவில்லை என்று உம்மிடம் சொன்னேன். அது பொய். அன்று உங்கள் வீட்டில் இருந்துதான் அண்ணரோடு போனில் கதைத்தேன். அவர் "பெடியன் வாத்தியார்தானே, குணமும் நல்லம் எண்டு நீயே சொல்லுறாய், யோசிப்பம்" என்றுதான் சொன்னார். "உங்களுக்கென்ன விசரோ? அந்தத் தோட்டக்காட்டு ஆக்களோட நாங்கள் சம்பந்தம் செய்யிறதோ?" என்று சொன்னது நான். என் வாய்தான். ஒன்பது வருடம் உங்கள் சோற்றைச் சாப்பிட்ட வாய்.

சுதா குசினிக்குள் நின்றாள். அவளுக்குக் கேட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரத்தில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, "ஆறிடும் டீச்சர், குடிங்க" என்றாள். எப்போதும் காது உடைந்த அந்த நீலக் கோப்பையில்தான் எனக்குத் தருவாள். அன்று அலுமாரியில் இருந்த கண்ணாடிக் கிளாசில் வைத்தாள். விருந்தாளிகளுக்கு எடுக்கிற கிளாஸ். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த இரண்டு மாதமும் எனக்கு அந்தக் கிளாஸ்தான்.

அந்த வெட்கத்தில்தான் இடமாற்றம் கேட்டேன், சொல்லாமல் வந்தேன், எழுதாமல் இருந்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் எழுத நினைத்து, அடுத்த பொங்கலுக்குத் தள்ளிப்போட்டேன். இனி எந்தப் பொங்கலுக்கு எழுதுவது?

எட்டுச் செலவு முடிந்திருக்கும். அந்தியேட்டி எப்போது என்று அறியத் தாரும். உங்கள் பக்கம் அதைக் கருமாதி என்பீர்கள், நாளும் வேறாக இருக்கும். உங்கள் வாசலில் வந்து நிற்க நீர் அனுமதி தந்தால் வருவேன். தராவிட்டாலும் உம்மைக் குறை சொல்லமாட்டேன். என் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கமலேஸ்வரி


நோர்வூட்
04.06.2025

டீச்சர்,

அக்கா சாகவில்லை. உயிரோடு இருக்கிறார். இதை நான் எழுதிக்கொண்டிருக்கிற இந்த நிமிடம் வெளியே கொடியில் துணி காயப்போட்டபடி பக்கத்து வீட்டுப் பிரேமினியோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கடிதத்தைப் பாடசாலையில் வைத்துப் பிரித்தேன். "என் சுதா செத்துப்போய்" என்ற இடத்துக்கு மேல் படிக்கவில்லை. காலையில் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்த மனுஷி! பைத்தியக்காரன் மாதிரி பாடத்தை நடுவில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தேன். "என்னாடா, மூஞ்செல்லாம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

பிறகுதான் என் கடிதத்தில் நான் என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அக்கா மோசம் போய்விட்டார் என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் மோசம் போவது என்றால் ஏமாந்து போவது. உங்கள் பக்கத்தில் அது சாவு. தமிழ் படிப்பிக்கிற எனக்கு இது உறைக்கவில்லை. ஒருநாள் நீங்கள் அழுதுகொண்டே வந்து "மாமா மோசம் போயிட்டார், லீவு வேணும்" என்று கேட்டதும், நம் பழைய அதிபர் கந்தப்பன் சேர் "யாரு டீச்சர் அவர ஏமாத்துனது? பொலிசுல சொன்னீங்களா?" என்று கேட்டதும் எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. அன்றைக்கு நான் பக்கத்தில் நின்றவன். என்னை மன்னித்துவிடுங்கள். உங்களை வேதனைப்படுத்தத்தான் எழுதினேன், மறைக்கவில்லை. ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

உங்கள் எண்ணுக்கு அன்றே ஏழு தடவை அழைத்தேன். நான்கு தடவை மணி அடித்து நின்றது, இரண்டு தடவை யாரோ துண்டித்தார்கள், அதற்குப் பிறகு அழைப்பே போகவில்லை.

நடந்தது இதுதான். பணம் கேட்டவனுக்கு அக்கா "காசு இருக்கட்டும், எந்த வாட்டு?" என்று மூன்று தடவை பதில் எழுதியிருக்கிறார். அவன் எரிச்சலில் பன்னிரண்டு என்று எழுதிவிட்டான். அக்கா பன்னிரண்டாம் வார்டைத் தேடிக் கண்டுபிடித்தால், அது ஆண்கள் வார்டு. "நம்பர மாத்தி அடிச்சிருப்பாங்க, முடியாதவங்கதானே" என்று நினைத்துக்கொண்டு இருபத்தொன்றுக்கும் போயிருக்கிறார். அப்புறம் பெண்கள் வார்டு ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும். கட்டில் கட்டிலாகப் போய் முகத்தைப் பார்த்திருக்கிறார். கடைசியில் சிங்கள நர்ஸ் மிஸ் ஒருத்தர் போனை வாங்கி அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு "அனே அக்கே, மேக்க பொறு" என்றாராம். இது பொய் அக்கா என்று. அதற்குப் பிறகும் அக்கா புறப்படவில்லை. நோயாளி பார்க்கிற நேரம் முடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார், எதற்கும் இருக்கட்டும் என்று.

ஒரு சதம் காசு போகவில்லை. திரும்பி வந்தவர் மூன்று நாள் படுக்கையை விட்டு எழும்பவில்லை. "அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே, நல்லா இருக்காங்கல்ல, அது போதும்" என்று ஒரு பேச்சு. அடுத்த நிமிடம் "அப்ப அவங்க எனக்கு எழுதவே இல்லையாடா?" என்று ஓர் அழுகை. நான் உங்களுக்குக் கடிதம் போட்டது அவருக்குத் தெரியாது.

இனி மற்றது. உங்கள் கடிதத்தின் இரண்டாவது பாதியை என் கண்ணையே நம்ப முடியாமல் படித்தேன். ஆறு வருடமாக உங்கள் அண்ணரைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத மனிதர். நீங்கள் பாவம், வீட்டாருக்குப் பயந்தவர் என்று நினைத்து, லயத்தில் யாராவது உங்களைப் பற்றி ஏதும் சொன்னால் சண்டைக்குப் போயிருக்கிறேன். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது, பேறுக்குப் போன மனைவி இன்னும் பிள்ளையோடு தாய் வீட்டில் இருக்கிறாள், ரோகினியைப் பற்றி இப்போது ஒன்றுமில்லை. ஆனால் அந்த வார்த்தை நீங்கள் சொன்னது என்றால், அக்காவுக்கு அது கேட்டிருந்தால், கேட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகத் தேடினாரா?

இதை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் கடிதம் என் பாடசாலை மேசைக்குள் பூட்டி இருக்கிறது. அதை நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

விஜிதரன்


யாழ்ப்பாணம்
10.06.2025

தம்பி விஜி,

இருக்கிறாள். இருக்கிறாள். நான் இதை எத்தனை தரம் வாய்விட்டுச் சொன்னேன் என்று தெரியாது. அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்கள்.

நான் இங்கே என்னென்ன செய்துவிட்டேன் தெரியுமா? பாடசாலையில் காலைக் கூட்டத்தில் சுதாவுக்கு இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி. எண்ணூறு பிள்ளைகள் எழும்பி நின்றார்கள். அவளுடைய படம் ஒன்று, உங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எடுத்தது, பெரிதாக்கிச் சட்டம் போட்டு விளக்கு வைத்தேன். மச்சம், மாமிசம் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். போன ஞாயிறு கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போய் அவள் பேரைச் சொல்லி முழுகியும் வந்தேன். உயிரோடு துணி காயப்போடுகிறவளுக்கு! ஆசிரியர்கள் வந்து துக்கம் விசாரித்தார்கள், நான் அழுதழுது அவள் எவ்வளவு நல்லவள் என்று சொன்னேன். அவளிடம் ஒருநாளும் சொல்லாததை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஏழு தரம் அடித்த அந்த எண் உம்முடையதா? அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு தெரியாத எண் எதையும் நான் எடுப்பதில்லை. மோசடிக்காரர் என்று நினைத்து வெட்டினேன், பிறகு தடைசெய்தும் விட்டேன். உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல வந்த போனை நானே அடைத்திருக்கிறேன். எங்களுக்கு வந்திருக்கிற காலத்தைப் பாரும்.

விஜி, உம்மிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கடிதத்தை எரித்துவிடும். காலில் விழுந்து கேட்கிறதாக நினையும். அது செத்தவளை நினைத்து எழுதியது. உயிரோடு இருக்கிறவள் வாசிக்கக் கூடாது. அவளுக்கு அன்று கேட்காமல் இருந்திருக்கலாம். கிளாசை மாற்றியது தற்செயலாக இருக்கலாம், கோப்பை உடைந்திருக்கலாம். நான் அவளுக்குப் புதிதாக ஒரு நல்ல கடிதம் எழுதுகிறேன். சுகம் கேட்டு, மன்னிப்புக் கேட்டு, எதற்கு மன்னிப்பு என்று விரித்து எழுதாமல். எங்களுக்கு வயது போகிறது. பழையதைக் கிளறி என்ன காணப்போகிறோம்?

உமக்குத் தெரிந்தது உம்மோடு இருக்கட்டும். நீர் என்னை வெறுக்கலாம். அதற்கு உமக்கு நியாயம் இருக்கிறது.

உடனே பதில் போடும்.

கமலேஸ்வரி


நோர்வூட்
17.06.2025

டீச்சர்,

எரிக்கச் சொன்னீர்கள். எரித்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

இந்தத் தடவை நீங்கள் உறையில் என் பெயரை எழுதிவிட்டு, விலாசத்தைப் பழைய பழக்கத்தில் எங்கள் வீட்டுக்கே எழுதிவிட்டீர்கள். லயத்துக்குக் கடிதம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்து ஒபீசுக்கு வந்து, அங்கிருந்து ஆண்டியப்பன் அண்ணன் பையில் போட்டுக்கொண்டு, வழியில் யாரைப் பார்க்கிறாரோ அவர் கையில் கொடுப்பார். அவர் பார்த்தது அக்காவை. பிள்ளைக் காம்பரா வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

நான் பாடசாலை விட்டு வந்தபோது கடிதம் மேசை நடுவில் இருந்தது. பிரிக்கவில்லை. அக்கா எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? இருந்தும் என்னைப் பார்த்து, "இது நெசமா அவங்க எழுதுனதாடா? இல்ல இதுவும் அந்த மாதிரிதானா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்விதான் தாங்கவில்லை. கண்ணெதிரில் இருக்கிற கையெழுத்தை நம்பப் பயப்படுகிறார்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. மேசைக்குள் இருந்த கடிதத்தை அடுத்த நாள் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"என் சுதா செத்துப்போய்" என்பதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். பிரேமினியைக் கூப்பிட்டு "நா செத்துட்டேனாம், வந்து பாருடி" என்றார். மேலே படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றது. இரண்டு கடிதத்தையும் முடித்து, மடித்து, சேலையில் சொருகிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

பின்னாலேயே போய்க் கேட்டேன். "எனக்குத் தெரியும்டா. அன்னிக்கே காதுல விழுந்துச்சி" என்றார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லி? மறுநா நீ அதே ஸ்கூல்ல அவங்க மூஞ்சியில முழிக்கணும். புள்ளைங்களுக்கு ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பாடம் நடத்தணும். அந்த வார்த்த என்னோட போகட்டுமுன்னு விட்டேன்."

"அதுக்கப்புறமும் ஏங்கா கொழும்புக்குப் போன?"

அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தார். "அவங்க வாயால சொல்லுவாங்கன்னு பார்த்தேன்டா. ஆறு வருசமா பார்த்தேன். சாகக் கெடக்குறேன்னு மெயிலு வந்ததும், சரி, சாகுற நேரத்துலயாவது சொல்றதுக்குத்தான் என்னக் கூப்பிடுறாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

டீச்சர், அக்கா உங்களுக்கு நோய் என்று மட்டும் ஓடவில்லை. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நம்பி ஓடினார். மோசம் போனது அங்கேதான்.

கோப்பை உடையவில்லை. இருக்கிறது, நான் பார்த்தேன். உங்களை அழைக்கலாமா என்று கேட்டேன், போனை நீட்டினேன். தொடமாட்டேன் என்றுவிட்டார். "கொரல்லயும் கள்ளத்தனம் பண்ணுறாங்களாம், நியூஸ்ல சொன்னான். கையால எழுதட்டும்" என்றார். கீழே அவரே எழுதுகிறாராம். நான் பார்க்கக் கூடாதாம். உறையை ஒட்ட மட்டும் என்னிடம் தருவார்.

விஜிதரன்

டீச்சர்,
நான் செத்துட்டேன்னு நெனச்சு நீங்க எழுதினதப் படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. அப்புறம் நான் உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சதும் அத எரிக்கச் சொல்லி எழுதினதையும் படிச்சேன். செத்தவளுக்கு நெசத்த சொல்லுவீங்க, இருக்கிறவளுக்கு மாட்டீங்களா? எனக்கு ஒண்ணு எழுதுங்க. என் பேருக்கு. அது நீங்கதான்னு எனக்குத் தெரியணும். தெரியலன்னா இனிமே ஒண்ணும் வேணாம்.
வீ. சுதர்ஷினி


யாழ்ப்பாணம்
24.06.2025

எடி சுதா,

ஐந்து தாள் கிழிச்சாச்சு. இது ஆறாவது. செத்தவளுக்கு ஒரே மூச்சில எழுதினன், உனக்கு எழுதக் கை வருகுதில்லை. உன்னோட கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும், அதால இலக்கணம் பார்க்கிற உன்ர தம்பியிட்டைக் காட்டாதை.

அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். அண்ணர் இல்லை, ஊர் இல்லை, ஒருதரும் சொல்லித் தரேல்லை. உன்ர வீட்டுக்குள்ள, உன்ர கதிரையில இருந்துகொண்டு, நீ குசினியில நிக்கிறாய் எண்டு தெரிஞ்சும் சொன்னன். உங்களை விட நாங்கள் மேல் எண்டு எனக்குள்ள ஒரு நினைப்பு இருந்தது. ஒன்பது வருசம் உன்ர சோத்தைத் திண்டும் அது போகேல்லை. அதை மறைக்கத்தான் அண்ணரிலை பழியைப் போட்டன். உனக்குக் கேக்கேல்லை எண்டு ஆறு வருசம் என்னையே ஏமாத்தினன். கிளாஸ் மாறினதைப் பார்த்தும் ஏமாத்தினன். ரெண்டு கிழமைக்கு முதல் கூட எரிக்கச் சொன்னன். உன்ர முகத்தைப் பார்க்கப் பயம், அதுதான் காரணம், வேற ஒண்டும் இல்லை.

அந்தக் கள்ளன் என்ர பேரைத்தான் எடுத்தான். அந்தப் பேரில உனக்கு இருந்த நம்பிக்கையை அவனுக்கு முதலே நான் எடுத்துப்போட்டன்.

மன்னி எண்டு கேக்கப்போறதில்லை. அது நீ பார்த்துச் செய்யிற விசயம். ஆனால் இதைத் தாளில எழுதினது போதாது, உனக்கு முன்னால நிண்டு வாயால சொல்லவேணும். லீவு எடுத்திட்டன். வாற மாசம் முதல் சனிக்கிழமை கொழும்பிலயிருந்து காலை ரயிலில ஏறி ஹட்டனில இறங்குவன். நீ கட்டில் கட்டிலாத் தேடின ஆள் தானாகவே வருகுது. ஸ்டேசனுக்கு வர மனமில்லையெண்டால் வராதை, நான் நோர்வூட் பஸ் எடுத்து வருவன். வழி மறக்கேல்லை.

வீட்டுக்குள்ள விட்டால், தேத்தண்ணி தருவாய் எண்டு தெரியும், நீ யாருக்கும் தராமல் விட்டதில்லை. நீலக் கோப்பையில தரவேணும் எண்டு கேக்க எனக்கு வாயில்லை. கண்ணாடிக் கிளாசில தந்தாலும் இருந்து குடிச்சிட்டுத்தான் போவன்.

கமலா